பழத்தின் மீது பழிபோட மறுத்த மெஹருன்னிசா

கிருஷ்ணகிரியிலிருந்து சாதிக் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஓசூரில் நாற்றுப் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாதிக், மெஹருன்னிசாவின் தம்பி. வழக்கமாக "அக்கா பேசணும்ன்றாங்க" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்துவிடுவார். அன்று அவரே பேசினார். "அக்கா காலையில போயிட்டாங்க சார். அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம். வந்துருங்க." நுரையீரல் நோய் மெஹருன்னிசாவைப் படுக்க வைத்து மாதக்கணக்காகியிருந்தது. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பஸ் சூளகிரியைத் தாண்டிய பிறகுதான், காலியாக இருந்த சீட்டில் உட்காராமல் இவ்வளவு தூரம் நின்றுகொண்டே வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் பெரிய மலர் வளையம் ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஜிகினா எழுத்தில் எங்கள் பழைய கம்பெனியின் பெயர். இறந்தவருக்கு மலர் வளையம் வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அனுப்பியவர்களுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. "திருப்பி அனுப்பிடலாமா சார்?" என்று சாதிக் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாம். வெயில்லயே கெடக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

வளையத்தோடு தட்டச்சு செய்த இரங்கல் செய்தி ஒன்றும் வந்திருந்தது. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அந்நாளில் இயக்குநராக இருந்தவர் கையெழுத்திட்டிருந்தார். மெஹருன்னிசா 'எங்கள் குடும்பத்தின் பெருமை'யாம். 'நிறுவனத்தோடு இறுதிவரை இசைந்து பணியாற்றியவர்' என்றும் அதில் இருந்தது. அவரை அறிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் வயிறு எரியும். அறியாதவர்கள் அதையே உண்மையென்று எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் ஓசூரில் தொழிற்பேட்டை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே தகரக் கூரைகள் எழுந்தன. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீக்கடையில் தமிழில் டீ சொல்லி, கன்னடத்தில் அரட்டையடித்து, தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் கம்பெனி பழக்கூழ் தயாரித்தது. தொழிற்சாலை கிருஷ்ணகிரி பக்கம், ஆராய்ச்சிக்கூடம் ஓசூரில். நான் தாவரவியல் படித்தவன். நுண்ணோக்கியில் பழத்தின் செல்களைப் பார்ப்பது என் வேலை. மெஹருன்னிசா வெளிநாட்டில் சர்க்கரை வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதல் நாள் இயக்குநர் அவருக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். புது மேஜைகள், புது அலமாரிகள், திரைச்சீலைகள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த மெஹருன்னிசா, "நல்லா இருக்கு சார். புகையை வெளியே இழுக்கற கூண்டு எங்கே?" என்று கேட்டார். அடுத்த மாதம் வரும் என்றார் இயக்குநர். "அப்ப நானும் அடுத்த மாசமே வேலையை ஆரம்பிக்கறேன்." யாரும் சிரிக்கவில்லை. கூண்டு வந்தது. ஆனால் அதன் மின்விசிறி பாதி நாள் ஓடாது. கடைசியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். சோதனைக்குப் பயன்படுத்திய கரைப்பான்களின் நெடி அவர் கைப்பையில்கூட இருக்கும். அவர் நுரையீரலைக் கெடுத்தது அதுதான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. நெடி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவர் பெரும்பாலும் சர்க்கரைகளால் ஆனது. சர்க்கரைகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாக நிற்கின்றன. மாங்காயைக் கடித்தால் நறுக்கென்று இருப்பதும், பழுத்த பின் குழைவதும் அந்தச் சங்கிலிகள் நிற்பதையும் அறுவதையும் பொறுத்தவை. அறுப்பவை நொதிகள், செல்களுக்குள் இருக்கும் கத்தரிக்கோல்கள் மாதிரி. எந்தக் கத்தரி எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பழத்திலிருந்து சுவரைப் பிரித்தெடுத்தால் நூறு விதச் சங்கிலிகள் ஒன்றாகச் சிக்குண்டு வரும். அதில் எதைச் சோதித்தாலும் தெளிவான பதில் கிடைக்காது.

மெஹருன்னிசாவின் வழி வேறு. அவர் சுவரின் ஒரு சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் தானே கட்டினார். ஒரு சர்க்கரைக்குப் பல கைகள். வேண்டிய ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு மற்ற கைகளையெல்லாம் வேதிப்பொருளால் பூட்டி, அடுத்த சர்க்கரையோடு இணைத்து, பிறகு பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ஒரு படி தவறினால் குடுவையில் பழுப்புப் பாகு மட்டும் மிஞ்சும். மறுபடி முதலிலிருந்து. "சுவரை இடிச்சுப் பார்த்தா செங்கல்லுதான் தெரியும் வரதராஜன். எப்படிக் கட்டியிருக்குன்னு தெரியணும்னா ஒரு மூலையையாவது நாமளே கட்டிப் பார்க்கணும்" என்று என்னிடம் சொல்வார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், அவருடைய மேஜை மேல் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். ஒரு மழைக்காலம், ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்துச் செய்தது. "சர்க்கரைதானே அம்மா? கடையில கிடைக்காதா?" என்று கேட்டார். மெஹருன்னிசா குப்பியை அவர் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்தில் வைத்தார். "கிடைக்கும் சார். நீங்க வாங்கிட்டு வர்ற வரைக்கும் நான் காத்திருக்கேன்." இயக்குநரின் முகம் சுருங்கியது. அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்குப் பணிவுன்னா என்னன்னு நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்" என்றார். நான் போய்ச் சொன்னேன். "சொல்லிட்டீங்கள்ல? வேலை முடிஞ்சது. போங்க" என்றார் மெஹருன்னிசா.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பிரச்சினை வந்தது. இயக்குநர் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து ஒரு நொதியை எடுத்திருந்தார். கூழில் அதைக் கலந்தால் நாரிலிருந்து சதை சுலபமாகப் பிரியும், அதிகக் கூழ் கிடைக்கும். கூழை இறுகப் பிடித்து நிற்கும் பெக்டின் சங்கிலிகளை அது தொடாது என்று அவர் உறுதி சொல்லியிருந்தார். முதல் பருவத்துக் கூழ் டின்களில் அடைபட்டு வெளியூர் போனது. சில மாதங்களில் டின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. திறந்தால் மேலே தண்ணீர், அடியில் கசடு.

கம்பெனி நொதியைச் சந்தேகிக்கவே இல்லை. பழத்தைச் சொன்னது. பர்கூர் பக்கத்து விவசாயிகள் அதிகம் பழுத்ததையும் கார்பைட் கல்லு வைத்துப் பழுக்க வைத்ததையும் கலந்து அனுப்பிவிட்டார்கள் என்று அறிவித்தது. அடுத்த பருவத்தில் அந்த விவசாயிகளின் லாரிகளை உள்ளேயே விடவில்லை. நான் வேறு வேலையாகத் தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது வாசலில் அந்த லாரிகளைப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மாம்பழச் சாறு சாலையில் வழிந்துகொண்டிருந்தது. ஈ மொய்க்க, திம்மராயன் என்ற விவசாயி வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"எங்க காயில கல்லு வெச்சம்னு எவன்யா சொன்னது? இட்டுனு வா அவன! எங்கப்பன் காலத்துல இருந்து காயி போடறம். ஒரு வார்த்த சொல்ல உட்டிருக்கமா?"

வாட்ச்மேன் தெலுங்கில் சமாதானம் சொன்னார். திம்மராயன் தெலுங்கில் பதிலுக்குத் திட்டினார். பிறகு லாரியின் சக்கரத்தருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஓசூர் திரும்பி இதை மெஹருன்னிசாவிடம் சொன்னேன். அவர் அத்தா, அதாவது அப்பா, கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். திம்மராயனை மெஹருன்னிசாவுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஐயோ பாவம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "அந்த லாரியில இருந்து ஒரு கூடை பழம் எனக்கு வேணும். திரும்பி வந்த டின்னும் வேணும்" என்றார். இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

டின் கூழை நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்கள், தங்களை ஒட்டும் பசை கரைந்து, தனித்தனியாக மிதந்தன. யாரோ சங்கிலியை வெட்டியிருக்கிறார்கள், அது தெரிந்தது. வெட்டியது பழமா, பூஞ்சையா என்பதை என் நுண்ணோக்கி சொல்லாது. அதைச் சொல்ல மெஹருன்னிசாவின் குப்பியில் ஒன்று இருந்தது. பெக்டினில் உள்ள சர்க்கரைகளில் பல, தலையில் ஒரு சிறு தொப்பியோடு இருக்கும். தொப்பி போட்ட இடத்தைப் பழத்தின் சொந்த நொதியால் வெட்ட முடியாது. பூஞ்சையில் ஒரு நொதி உண்டு, அது தொப்பியோடு சேர்த்தே வெட்டும். மெஹருன்னிசா தன் சொந்த ஆராய்ச்சிக்காக, எல்லாச் சர்க்கரைகளுக்கும் தொப்பி போட்ட ஒரு குட்டிச் சங்கிலியைக் கட்டி வைத்திருந்தார். அது அறுந்தால் அறுத்தது பழம் இல்லை.

லாரியிலிருந்து எடுத்த பழத்தைக் கையால் பிசைந்து, அந்தச் சாற்றில் சங்கிலியை இட்டார். அறுபடவில்லை. டின் கூழில் இட்டார். அறுந்தது. டின்னில் அடைக்கும்போது கொடுத்த சூடு நொதியை முழுக்கச் சாகடிக்கவில்லை. கடைசியாக, இயக்குநரின் நொதி பாட்டிலிலிருந்தே ஒரு சொட்டு விட்டார். நாங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் சங்கிலி துண்டுதுண்டாகியிருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். அதே பதில். அவர் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. "அந்தாளு இதை ஏத்துக்க மாட்டாரு" என்றார்.

அறிக்கையில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். இயக்குநர் அதை முழுதாகப் படித்தார். புத்திசாலி மனிதர், சோதனை சரியென்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் சோதனையைப் பற்றிப் பேசவில்லை.

"உங்க அத்தாவுக்கு மாங்காய் மண்டி இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப இந்த விஷயத்துல உங்களுக்கு ஒரு பக்கம் இருக்குன்னு யாராவது சொன்னா?"

"சங்கிலிக்கு அத்தா இல்ல சார். வேற யாரை வேணும்னாலும் வெச்சு அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்க."

"இந்தப் பருவத்துக்கு வேணாம். அடுத்த பருவத்துப் பழத்தையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். ஆராய்ச்சின்னா அவசரப்படக் கூடாதும்மா."

வெளியே வந்ததும் மெஹருன்னிசா வராந்தாவில் நின்றுவிட்டார். "வருஷம் முழுக்கக் கொடுத்தாலும் உங்களுக்கு நேரம் பத்தாதுன்னு என்னைக் குறை சொன்ன ஆளு, இப்ப அவசரப்படாதேன்னு சொல்றாரு, கேட்டீங்களா?" என்றார்.

ஒத்திப்போடுவது எப்படி என்று அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டோம். மறுசோதனைக்குக் கரைப்பான் கேட்டால் வரவில்லை. கருவி பழுது என்றார்கள். தலைமை அலுவலகத்துக்கு மெஹருன்னிசா அனுப்பிய விளக்கம் போன வழியே இயக்குநர் மேஜைக்குத் திரும்பி வந்தது. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் போய்த் திம்மராயன்கிட்டச் சொல்லிடறேன். இனி யாரைக் கேட்கணும்?" என்று கிளம்பினார். நானும் போனேன். பர்கூரில் பஸ்ஸை விட்டிறங்கி, கல் குவாரி லாரிகளின் புழுதியில் நடந்தோம்.

திம்மராயனின் தோப்பு இருந்த இடத்தில் அடிமரங்கள் மட்டும் நின்றன. வெட்டி அதிக நாளாகவில்லை, பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. திம்மராயன் கிணற்றுமேட்டில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாம்மா. மண்டிக்காரர் பொண்ணுதானே நீ? அத்தா நல்லாருக்காரா?" என்று கேட்டார்.

மெஹருன்னிசா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பழத்தில் குற்றமில்லை, கம்பெனி கலந்த மருந்தில்தான் குற்றம், சோதித்துப் பார்த்துவிட்டோம் என்றார். திம்மராயன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எப்பம்மா தெரிஞ்சுது இது?"

"போன பருவத்துலயே."

அவர் அடிமரங்களைப் பார்த்தார். "கெட்ட பேரு வந்த காயை மண்டியிலகூட எவனும் எடுக்கல. பொங்கலுக்கு அப்புறம்தான் கோடாலி வெச்சேன்." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீ ஏம்மா அழுவற? வெட்டுனவன் நான்."

மெஹருன்னிசா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பருவத் தொடக்கத்தில் கம்பெனி, விவசாயிகளைக் கூப்பிட்டுத் தொழிற்சாலைக் கொட்டகையில் ஒரு கூட்டம் நடத்தியது. 'தரமான பழம் தருவது எப்படி' என்று இயக்குநர் பேசினார். அவர் முடித்ததும், அழைக்கப்படாமலேயே வந்திருந்த மெஹருன்னிசா பின்வரிசையிலிருந்து எழுந்தார். மைக் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. முதலில் தமிழில் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்காகத் தெலுங்கிலும் சொன்னார். "உங்க பழத்துல தப்பு இல்ல. தப்பு எங்க பாட்டில்ல. இதைக் கண்டுபிடிச்சவ நான். போன வருஷமே சொல்லிட்டேன். இவரு மறைச்சாரு." கொட்டகையில் சத்தம் எழுந்தது. இயக்குநர் மேடையிலிருந்து இறங்கிப் பின்வாசல் வழியாகக் காரில் ஏறினார்.

அந்த வாரமே மெஹருன்னிசாவின் பதவி நீக்கப்பட்டது. ஒழுங்கு நடவடிக்கை இல்லை, விசாரணை இல்லை. இனி சர்க்கரை வேதியியல் பிரிவு தேவையில்லை என்று ஒரு வரி. என்னைச் சேலம் கிடங்கில் விற்பனை வேலைக்குப் போட்டார்கள். அவர் தன் சாமான்களை எடுக்க வந்த காலையில், மேலிடத்து உத்தரவின்படி, அவர் கட்டிய சங்கிலிகள் இருந்த குப்பிகளையெல்லாம் ஒரு ஊழியர் கழுவுதொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத துண்டுகள் அவற்றில் இருந்தன. குழாய்த் தண்ணீரோடு போயின. அந்த ஊழியர், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். "நீங்க ஏன் கேக்கறீங்க? குழாயை நல்லா மூடுங்க, தண்ணி வீணாகுது" என்று சொல்லிவிட்டு மெஹருன்னிசா வெளியேறினார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. கம்பெனி சத்தமில்லாமல் பூஞ்சையை மாற்றியது. புது நொதி, தொப்பி போட்ட சங்கிலியைத் தொடாத நொதி. எதைச் சோதிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மெஹருன்னிசாவின் அறிக்கைதான். டின்கள் திரும்பி வருவது நின்றது. 'மேம்படுத்தப்பட்ட முறை' என்று விளம்பரம் செய்தார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. விவசாயிகள் மீது சொன்ன பழியை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திம்மராயனின் நிலம் இப்போது கிரானைட் கல் அடுக்கும் இடம்.

மெஹருன்னிசா கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்தினார். அங்கே ஆய்வுக்கூடம் என்ற பெயரில் இரண்டு பியூரெட்டும் ஒரு கரும்பலகையும் இருந்தன. ஆராய்ச்சி நிலையங்களுக்கு விண்ணப்பித்தார். இயக்குநரிடம் அவர்கள் விசாரித்திருப்பார்கள், ஒரு பதிலும் வரவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியிலும் முதல்வரோடு சண்டை, விடுதிச் சாப்பாட்டுக்காகச் சண்டை. அவரோடு பழகுவது எளிதல்ல. என்னையே பலமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். இறந்தவரை இனிமையானவராக்கிவிடும் பழக்கம் எனக்கு வேண்டாம்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தபோது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. வெளிநாட்டில் யாரோ அதே மாதிரிச் சங்கிலியைக் கட்டி, அதே கேள்விக்கு விடை கண்டு ஒரு பத்திரிகையில் எழுதியிருப்பதாக ஒரு பழைய மாணவி அவருக்கு அனுப்பியிருந்தாள். "நல்லாக் கட்டியிருக்காங்க. என்னைவிடக் குறைஞ்ச படியிலயே முடிச்சிட்டாங்க" என்றார். குரலில் பொறாமை இல்லை. பிறகு திடீரென்று, "திம்மராயன் இருக்காரா?" என்று கேட்டார். மகன் வீட்டில் பாரூர் பக்கம் இருக்கிறார் என்றேன். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பதாகக் கேள்வி என்றும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவரை அந்த நினைவிலிருந்து விடுவிக்க நினைத்து, "விடுங்க மேடம். எல்லாம் முடிஞ்சு போன கதை" என்றேன்.

கண்ணைத் திறந்தார். பழைய கூர்மை அப்படியே இருந்தது.

"யாருக்கு முடிஞ்சுது வரதராஜன்?"

சாதிக் மருந்தோடு உள்ளே வந்தார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பொருள் எதுவும் இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறது. யாராவது என்னிடம் ஒரு விவகாரம் முடிந்துவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் நான் அதைக் கேட்கிறேன். பெரும்பாலும் சொல்பவருக்கு மட்டும்தான் முடிந்திருக்கிறது.